தட்டச்சுத் தேறி அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்களுக்கு



வட்டாட்சியர் அலுவலகத்திலும், சார்பதிவாளர் அலுவலகத்திலும், ஊராட்சி ஒன்றியத்திலும், பள்ளிக்கூடத்து அலுவலக அறையிலும், லோயர், ஹையர் என்னும் இரு பரீட்சைகளும் தேறிய தகுதியால் உத்தியோகம் பெற்று, முன்பு தட்டச்சுப் பொறி வீற்றிருந்த மேசையின்மேல் இன்று கணினியை வைத்துக்கொண்டு காரியம் பார்த்துவரும் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகின்றேன். நான் உங்களுக்கு அந்நியன் அல்லன். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று முதற்பாடத்தை அடித்து அடித்துக் காகிதக் கட்டுகளைத் தீர்த்த அதே கூட்டத்தைச் சேர்ந்தவன்; விசைப்பலகையைக் குனிந்து பார்த்தால் ஆசிரியரின் அடிக்கோல் விரலின்மேல் விழும் காலத்தில் பயின்றவன். அந்த உரிமையைக் கொண்டே ஒரு விஷயத்தைச் சொல்லத் துணிகின்றேன்.

சான்றிதழுக்காக வந்தவர்கள் வாசல்வரை வரிசையில் நிற்கையில், திரையிலுள்ள படிவம் பாதி நிரம்பிய நிலையில் கணினி அசைவற்று நின்றுவிடுகிறது. உடனே நம்மவர் மவுஸை மேசைமேல் இப்படியும் அப்படியும் தேய்க்கிறார். அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கிறார். அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்துகிறார். எதற்கும் மசியாதெனக் கண்டு மின்சாரச் சுவிட்சையே அணைத்துவிட்டு, ‘சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது, சர்வீஸ் ஆள் வரவேண்டும்’ என்று சன்னலுக்கு வெளியே அறிவிக்கிறார். அந்த சர்வீஸ் ஆள் மறுநாள் பிற்பகல் வந்து அமர்ந்து முதலில் செய்யும் காரியம் என்னவென்று எப்போதேனும் கவனித்ததுண்டா? அவர் மவுஸைத் தொடுவதே அபூர்வம். இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துகிறார். கணினிக்குள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த ஒரு கருவி எழுந்து வந்து நிற்கிறது. அவருடைய பையில் கொண்டுவந்த மந்திரம் அதில் யாதொன்றும் இல்லை.

விசைகளைச் சேர்த்து அழுத்தும் இவ்வழிகளைப் புகழ்வோர் பெரும்பாலும் நேரம் மிச்சமாகும் என்பதையே பெரிதாகப் பேசுவர். அது மெய்தான், நகலெடுக்கவும் ஒட்டவும் நீங்கள் நாள்தோறும் கையாளும் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி என்பவற்றின் பிரயோஜனத்தை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தில் நேரம் இரண்டாம் பட்சமே. கணினியைச் சீர்செய்யும் கருவிகள் எல்லாம் கணினி கெட்டிருக்கும் வேளையில்தான் வேண்டியிருக்கின்றன. அவ்வேளையிலோ மவுஸின் அம்பு நகர மறுக்கிறது, அல்லது நகர்ந்தாலும் அதன் சொல்லைத் திரை கேட்பதில்லை. ஆகவே அம்பு ஒன்றையே நம்பியிருப்பவர்க்குக் கருவி இருந்தும் அதை எட்டும் வழி இல்லாமற் போகிறது. விரல்வழி அறிந்தவருக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை.

இவ்விரல்வழிகள் நேற்று முளைத்த நூதனமும் அல்ல. நீங்கள் நாள்தோறும் அழுத்தும் ஷிப்ட் விசை, 1878ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனியார் வெளியிட்ட இரண்டாம் எண் தட்டச்சுப் பொறியோடு உலகுக்கு வந்தது. ஒரே அச்சுக்கோலின் நுனியில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வார்க்கப்பட்டிருக்க, சுண்டுவிரல் அழுத்தியதும் உருளை தாங்கிய வண்டியே இடம்பெயர்ந்து கொடுக்கும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அவர்கள், நம் உயிர்மெய் எழுத்துகள் அத்தனைக்கும் தனித்தனி விசை அமைத்தல் இயலாதெனக் கண்டு, குறியை அச்சிட்டும் வண்டியை நகர்த்தாத நகரா விசை என்னும் உபாயத்தை வகுத்தார். ஒரு பயனுக்காக இரண்டு விசைகளை ஒன்றுசேர்க்கும் பழக்கம் தமிழ் ஹையர் தேறிய ஒவ்வொருவர் கையிலும் ஊறிக்கிடப்பது அதனாலேயே. எஸ்கேப் என்னும் விசையும் பழையதே; அதற்கு ஆதாரம், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த பாப் பீமர் என்பார் 1960இல் அமைத்த ஒரு குறியீடு.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அதைப் பலரறியக் காட்டியபோது, அவருடைய வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையின் கீழே ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை இருந்தது. அவ்வைந்தையும் பலவாறு சேர்த்து அழுத்தி அவர் கட்டளைகளைப் பிறப்பித்தார். பின்வந்தோர் மவுஸை எடுத்துக்கொண்டு அச்சிறு பலகையைக் கைவிட்டனர். இடக்கையைச் சும்மா வைத்துவிட்டு ஒரு கையால் மாத்திரம் கணினியை ஆளும் இக்கால வழக்கம் மவுஸைப் படைத்தவரின் சித்தத்தில் இல்லாத ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இனி, திரை நின்றுவிட்ட சந்தர்ப்பத்துக்கே திரும்புவோம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். மூன்றும் விசைப்பலகையின் இடப்புறத்திலேயே இருத்தலால் இடக்கை ஒன்றே போதும். டாஸ்க் மேனேஜர் என்னும் சாளரம் தோன்றும். அப்போது கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் எல்லாவற்றின் பெயரும் அதில் வரிசையாக நிற்கும். அவை ஒவ்வொன்றும் நினைவகத்தையும் செயலியகத்தையும் எவ்வளவு விழுங்குகின்றன என்ற கணக்கும் பக்கத்திலேயே ஓடும். முரண்டு பிடிக்கும் செயலியின் அருகே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற குறிப்பு பெரும்பாலும் காணப்படும். டாப் விசையால் பட்டியலுக்குள் புகுந்து, அம்புக்குறி விசையால் அப்பெயரின்மேல் வந்து நின்று, டெலீட் விசையை அழுத்தினால் அச்செயலி ஒன்றுமட்டும் முடிவுறும்; மற்றவை தத்தம் காரியத்தைத் தொடர்ந்து செய்யும். அச்செயலியில் சேமிக்காமல் விட்டது போய்விடும் என்பதை மறைக்கமாட்டேன். ஆகையால் பெரிய கோப்பு திறந்துகொண்டிருக்கையில் சற்றுப் பொறுத்துப் பார்த்த பிறகே அக்காரியத்தில் இறங்க வேண்டும். எனினும் சுவிட்சை அணைத்துத் திறந்திருந்த அனைத்தையும் பலிகொடுப்பதைக் காட்டிலும், பழுதுபட்ட ஒன்றை மாத்திரம் அகற்றுதல் எவ்வளவோ மேலன்றோ?

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மும்மூர்த்திகளை நீங்கள் அறிவீர்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் டேவிட் பிராட்லி, 1981இல் வெளிவந்த அந்நிறுவனத்துத் தனியாள் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த நாட்களில், சோதனையின்போது அடிக்கடி நின்றுபோகும் பொறியை மின்சாரம் அணைக்காமலே மறுபடி தொடக்குவதற்காக இதனை அமைத்தார். முதலில் அவர் தேர்ந்தது எஸ்கேப் விசையைத்தான்; ஒரே கை தவறுதலாகப் பட்டும் கணினி மறுபடி தொடங்கிவிடக்கூடும் என்பதால், எதிர்க்கோடியிலுள்ள டெலீட் விசைக்கு அது மாற்றப்பட்டது. இரண்டு கைகளும் ஒத்துழைத்தாலன்றி நடவாதவாறு ஒரு விபரீதத்தைத் தடுத்த அந்த யோசனையில் நல்ல தட்டச்சு ஆசிரியரின் புத்தி தெரிகிறது. தாம் கண்டுபிடித்ததைப் புகழ்பெறச் செய்தவர் பில் கேட்ஸ்தான் என்று, கேட்ஸும் வீற்றிருந்த மேடையிலேயே அவர் பிற்காலத்தில் பரிகாசம் செய்ததுண்டு. சில அலுவலகங்களில் கடவுச்சொல் இடுவதற்கு முன் இம்மூன்றையும் அழுத்தச் சொல்கிறார்களே, அது வெறும் சம்பிரதாயம் அன்று. இந்தச் சேர்க்கையை வேறெந்தச் செயலியும் இடைமறிக்க இயலாதபடி விண்டோஸ் தனக்கென்றே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆதலால் அதன்பின் தோன்றும் நுழைவுத் திரை போலியாக இருத்தற்கு இடமில்லை.

மவுஸே செத்துப்போனால் செய்வது யாது? இடப்புறத்து ஆல்ட், இடப்புறத்து ஷிப்ட், அவற்றோடு ‘நம் லாக்’ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் விசையால் இசைவு தெரிவித்தால், வலக்கோடியிலுள்ள எண் விசைகள் மவுஸின் பணியை மேற்கொள்ளும். நான்கு இடமாகவும், ஆறு வலமாகவும், எட்டு மேலாகவும், இரண்டு கீழாகவும் அம்பை நடத்த, நடுவிலுள்ள ஐந்து சொடுக்கும். நடை மெதுவானதுதான், ஆயினும் பாதி நிரம்பிய படிவத்தைச் சேமித்து வைக்க அது போதும். பிறகு விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தினால் எழும் பட்டியலில் எம் என்ற எழுத்தைத் தட்டுங்கள். டிவைஸ் மேனேஜர் திறக்கும். அதிலுள்ள ஆக்‌ஷன் மெனுவில், இணைந்திருக்கும் சாதனங்களை மறுபடி தேடும் கட்டளை ஒன்று உண்டு. கம்பியைக் கழற்றி மாட்டியும் உயிர்பெறாத மவுஸும், ஸ்கேனரும், கைரேகைக் கருவியும் அந்தத் தேடலில் பல சமயங்களில் அகப்பட்டுவிடும். திரை மாத்திரம் கறுத்தோ கோணியோ போயிருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றோடும் ஏ, பி, சி வரிசையின் பி என்ற எழுத்தைச் சேர்த்தழுத்துங்கள்; ஒரு சிறு ஒலி கேட்கும், திரை கணநேரம் இருண்டு மீளும். காட்சியைத் தீட்டும் பகுதி மாத்திரம் புதிதாகத் தொடங்கப்பட்டது என்பது அதன் பொருள். திறந்திருந்த கோப்புகளுக்கு இதனால் யாதொரு பங்கமும் இல்லை.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று சிலர் மலைக்கக்கூடும். வேண்டுவதில்லை. டெஸ்க்டாப்பில் குறுக்குவழி அமைத்துக்கொள்ளும் வசதி 1995இல் விண்டோஸ் 95 வந்த நாள்முதல் நமக்கு இருக்கிறது. அதைத் திருமண அழைப்பிதழும் சம்பளப் பட்டியலும் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோமே தவிர, கணினியின் சொந்தக் கருவிகளுக்கும் அவ்வாறே வாயில் அமைக்கலாம் என்பதை நினைப்பதில்லை.

நம் அலுவலகங்களில் நித்திய கண்டமாகிய பிரிண்டரையே உதாரணமாகக் கொள்வோம். நல்ல நிலையில் இருக்கும் பிரிண்டர் திடீரென்று அச்சிட மறுக்கும். அனுப்பிய பக்கங்கள் வரிசையில் தேங்கி நிற்கும். அழிக்க முயன்றாலும் அழியா. குற்றம் பெரும்பாலும் பிரிண்டருடையதன்று. பக்கங்களை வாங்கி வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்னும் உட்பணி திகைத்து நின்றிருக்கும். அதை ஒருமுறை நிறுத்தித் தொடக்கினால் போதும். அப்பணிகளின் பட்டியலுக்கு ஒரு வாயில் அமைப்போம். டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, நியூ என்பதையும் அதனுள் ஷார்ட்கட் என்பதையும் தேர்ந்தெடுங்கள். எந்த இடத்துக்கு என்று கேட்கும் கட்டத்தில், சர்வீசஸ் என்னும் ஆங்கிலச் சொல்லையும், இடைவெளியின்றி ஒரு புள்ளியையும், எம், எஸ், சி என்னும் மூன்றெழுத்தையும் தட்டுங்கள். அடுத்த கட்டத்தில் பெயர் கேட்கும். இங்கே ஆங்கிலப் பெயரே இருக்க வேண்டும் என்ற விதி யாதும் இல்லை. ‘பிரிண்டர் மறுத்தால்’ என்று அழகாகத் தமிழிலேயே இட்டுவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்நாற்காலியில் அமரும் இளநிலை உதவியாளருக்கு அப்பெயரே வழிகாட்டும். திறந்த பட்டியலில் பி என்ற எழுத்தைத் தட்டத் தட்ட, அவ்வெழுத்தில் தொடங்கும் பணிகளினூடே பிரிண்ட் ஸ்பூலர்மேல் வந்து நிற்பீர்கள். ஷிப்ட் எஃப் 10 அழுத்தினால் வரும் சிறு பட்டியலில் ரீஸ்டார்ட் இருக்கும். நிர்வாகி உரிமை இல்லாத கணக்கில் அக்கட்டளை மங்கிக் கிடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பெற்றுத் தருவது உங்கள் மேலதிகாரியின் பொறுப்பு.

அமைத்த குறுக்குவழிக்கு விசைச் சேர்க்கை ஒன்றையும் சூட்டலாம். அதன்மேல் நின்று ஆல்ட் என்டர் அழுத்தினால் அதன் குணங்களைக் காட்டும் சாளரம் வரும். ‘ஷார்ட்கட் கீ’ என்ற கட்டத்தில் நீங்கள் விரும்பிய எழுத்து ஒன்றை மாத்திரம் தட்டினால், கண்ட்ரோலையும் ஆல்டையும் கணினி தானே முன்னால் சேர்த்துக்கொள்ளும். அக்குறுக்குவழி டெஸ்க்டாப்பிலேனும் ஸ்டார்ட் மெனுவிலேனும் இருக்கும்வரைதான் இச்சேர்க்கை வேலை செய்யும். வேறொரு கோப்புறைக்குள் ஒதுக்கிவைத்துவிட்டு, விசை கெட்டுவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை. எந்த எழுத்தையும் சூட்டலாம் எனினும் நான்கு என்னும் எண்ணை மட்டும் விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன். இந்திய ஆங்கில விசைப்பலகையில் கண்ட்ரோலும் ஆல்டும் நான்கும் சேர்ந்தால் விளைவது ரூபாய்க் குறி. தமிழராகிய உதயகுமார் வரைந்து 2010இல் அரசு ஏற்றுக்கொண்ட அக்குறியைச் சம்பளப் பட்டியலில் இட முயலும்போதெல்லாம் பிரிண்டர் சாளரம் வந்து நின்றால் எரிச்சலே மிஞ்சும்.

மேலும் ஒன்று. குறுக்குவழிப் படத்தின் இடப்புற அடிமூலையில் வளைந்த சிறு அம்பு ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவ்வம்பு இருந்தால் அது வாயில் மாத்திரமே. உள்ளேயிருக்கும் பொருள் வேறிடத்தில் இருக்கிறது. அதனை அழித்தாலும் பொருளுக்குச் சேதமில்லை. அதனைப் பென்டிரைவில் ஏற்றிச் சென்றாலும் பொருள் உடன் வாராது. மாவட்டத் தலைமையிடத்துக்கு ஓர் ஆண்டறிக்கையை எடுத்துச் சென்று, ஓரிரு கிலோபைட் அளவுள்ள அம்புப் படம் ஒன்றை மாத்திரம் அதிகாரி முன்னிலையில் திறக்க முயன்று விழித்த அன்பர்கள் உங்களுள் சிலர் இருத்தல் கூடும்.

அவ்வம்பே அபாய அறிவிப்பாகும் சந்தர்ப்பமும் உண்டு. பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள கோப்புறைகள் எல்லாம் அம்புக்குறியோடு தோன்றுமாயின், உண்மைக் கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் வேடத்தில் வைரஸ் அமர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்; ஒன்றையும் இருமுறை சொடுக்காமல் வைரஸ் தடுப்புச் செயலியிடம் ஒப்படைத்துவிடுவதே முறை. 2010இல் வெளிப்பட்டு ஈரான் நாட்டு அணு நிலையத்தின் பொறிகளைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட் என்னும் வைரஸும், இத்தகைய குறுக்குவழிக் கோப்புகளை விண்டோஸ் கையாளும் முறையில் இருந்த ஓர் ஓட்டையினூடே பென்டிரைவ் வழியாகப் பரவியதுதான்.

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் வரும் ரன் என்னும் சிறு பெட்டியைப் பற்றியும் எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. கருவியின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினால் உடனே அழைத்துவரும் அப்பெட்டி மிகுந்த உபகாரி. நோட்பேட், கண்ட்ரோல் என்று பெயர் சொல்லியே அழைக்கலாம். ஆனால் அண்மைக் காலத்தில் வஞ்சகர் சிலர், நீர் மனிதர்தாம் என்று நிரூபிக்க விண்டோஸ் ஆர் அழுத்துக, பின்பு கண்ட்ரோல் வி அழுத்துக, பின்பு என்டர் அழுத்துக என்று இணையப் பக்கங்களில் அறிவிப்பு வைக்கின்றனர். அப்பக்கம் உங்களை அறியாமலே நகல் பலகையில் இட்டு வைத்திருக்கும் தீய கட்டளையை உங்கள் கையாலேயே ஒட்டி நிறைவேற்றச் செய்யும் தந்திரம் அது. நீங்கள் தட்டாத எழுத்தொன்றும் அப்பெட்டிக்குள் செல்லலாகாது. மனிதரா என்று சோதிக்கும் எந்த நேர்மையான பக்கமும் அப்பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை.

தேநீருக்கு எழுந்திருக்கும் முன் விண்டோஸ் விசையோடு எல் அழுத்திப் பூட்டிவிட்டுச் செல்லுங்கள் என்பதை ஒரு வரியில் சொல்லி முடிக்கிறேன். ஊராரின் ஆதார் எண்ணும் வருமானக் கணக்கும் திறந்த திரையில் கிடக்கும் அவலத்தை விளக்க வேறு சொல் வேண்டியதில்லை.

இக்காலத்து இளைஞர்போல் நமக்கு வருமா என்ற தயக்கம் உங்களுள் மூத்தவர்களுக்கு உண்டு என்பதை அறிவேன். நிமிஷத்துக்கு 45 சொல் வேகத்தில் அடித்து ஹையர் தேறிய விரல்கள் உங்களுடையவை. கண் காகிதத்தில் இருக்க, கை தன் இடத்தைத் தானே அறியும் பயிற்சி பெற்றவை. தொடுதிரையை விரலால் தேய்த்துப் பழகியவர் மூன்று விசைகளைப் பாராமல் அழுத்தப் பல வாரம் பிரயாசைப்பட வேண்டும். நீங்களோ ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடுவீர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தார் நடத்தும் கணினி அலுவலகப் பயிற்சிப் பரீட்சைக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் பயிலக ஆசிரியர்கள், கடிதமும் அட்டவணையும் ஆக்கக் கற்பிக்கும்போதே, நின்றுபோன கணினியை எழுப்பவும் ஒரு பாடம் நடத்துவார்களாயின் நம் அலுவலகங்களுக்கு அது பேருபகாரமாக இருக்கும்.

நீங்கள் அமைக்கும் குறுக்குவழிகள் உங்கள் பெயரில் நுழையும்போது மாத்திரமே தோன்றும். ஒரே கணினியில் இருவர் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால், மற்றவர் கணக்கிலும் அவற்றை அமைத்துக் கொடுத்து, எந்த விசை எதற்கு என்பதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளிலும் பிரிண்டர் மறுக்கும்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
பழைய தட்டச்சர் ஒருவர்